வீட்டில் கிடக்கும் பில்லிலிருந்து தொடங்குங்கள்: வணிகச் சட்டம் புதிதாகப் படிப்பவர்களுக்கு

மாலை வகுப்பில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வருடம், நானும் எல்லோரையும் போலப் பிரிவு எண்களில்தான் தொடங்கினேன். பிரிவு 10 என்ன, பிரிவு 23 என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் தையல் விட்டுப்போன புதுச் சுடிதாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "மாத்தித் தர மாட்டேங்கிறாங்க சார். பில்லுலயே போட்டிருக்காம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், 'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தில் முந்தைய வாரம்தான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனால் கையிலிருந்த அந்தச் சீட்டும் சட்டம்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்காதது என் தவறு.

அன்றிலிருந்து பாடத்தை மாற்றிக்கொண்டேன். வணிகச் சட்டத்தில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் உள்ளே ஒரே விஷயம்தான் இருக்கும்: ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் அதை நம்பி ஏதோ செய்தார். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை நம்பி யார் எதைச் செய்தார் என்று கண்டுபிடித்துவிட்டால் பிரிவு எண் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். பி.காம்., பி.பி.ஏ., சி.ஏ. ஃபவுண்டேஷன் படிப்பவர்களுக்காக, இந்தியச் சட்டத்தை வைத்து அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு பில்லைப் படிப்பது

வீட்டில் ஏதாவது ஒரு பில்லை எடுங்கள். கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், தேதி, பொருள், விலை எல்லாம் இருக்கும். யாரும் யாரும் பேரம் முடித்தார்கள், எதைப் பற்றி, எவ்வளவுக்கு, என்றைக்கு என்று நாளைக்கு ஒரு நீதிமன்றம் கேட்கப்போகும் அத்தனையும் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது. அதனால்தான் பில் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது.

அந்தப் பொடி எழுத்து வரிக்கும் பதில் அதே சட்டத்தில், பிரிவு 2(47)இல் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்க வேண்டும். காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். கவனியுங்கள், 'குறையுள்ள பொருள்' என்றுதான் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் போனபின் நிறம் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. தையல் விட்டுப்போயிருந்தால் உதவும். சட்டம் படிப்பவர் இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம்

1872 செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இந்தத் தாளின் அடித்தளம். மதிப்பெண்ணில் பெரும் பங்கு இதிலிருந்து வரும், மற்ற சட்டங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. அவசரப்படாமல் இங்கே நாள்களைச் செலவழியுங்கள்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வையுங்கள். இருவர் ஒன்றுக்குச் சம்மதித்தால் அது உடன்பாடு. அந்த உடன்பாட்டைச் சட்டத்தின் மூலம் நிறைவேற்ற முடிந்தால்தான் அது ஒப்பந்தம். சினிமாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நண்பன் வராமல்போனால் வழக்குப் போட முடியாது. கேட்டரிங்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல்போனால் போடலாம்.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு எல்லாப் புத்தகங்களும் சொல்லும் வழக்கு பால்ஃபர் எதிர் பால்ஃபர், 1919. கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். விடுமுறைக்கு இருவரும் இங்கிலாந்து போனார்கள். மருத்துவர் சொன்னதால் மனைவி அங்கேயே தங்கிவிட, கணவர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். போகும்போது மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு உறவு கசந்தது, பணம் நின்றது, மனைவி வழக்குத் தொடுத்தார். கணவன் மனைவிக்கிடையே அன்றாடம் பேசிக்கொள்ளும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தை நம்பித்தானே அவர் அங்கே இருந்தார்? ஆனாலும் 'சட்டப்படி கட்டுப்படும் எண்ணம்' என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு கிடையாது.

சொன்னது மற்றவர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (1913) என்ற அலகாபாத் வழக்கு இதைச் சொல்கிறது. முதலாளியின் உறவுப் பையன் காணாமல்போனான். கான்பூரிலிருந்து வேலையாளை ஹரித்துவாருக்கு அனுப்பித் தேடச் சொன்னார்கள். அவர் கிளம்பிய பிறகுதான் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று முதலாளி துண்டுச்சீட்டு அச்சிட்டார். வேலையாள் ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பரிசு விஷயம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டார், கிடைக்கவில்லை. தெரியாத ஒரு முன்மொழிவை ஏற்க முடியாது. தவிர, தேடுவது ஏற்கெனவே அவர் வேலையாக இருந்தது.

இதைப் படித்ததும் மாணவர்கள், "பாவம் சார், குடுத்திருக்கலாமே" என்பார்கள். குறித்து வையுங்கள் என்பேன். சட்டப்படி தர வேண்டியதில்லை, ஆனாலும் தந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிற அந்த இடத்தில்தான் வணிக அறம் என்ற பாடம் ஆரம்பிக்கிறது.

ஐந்து கேள்வி

பிரிவு 10ஐ வரியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கேட்டுப் பார்க்கும் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களா? மனமறிந்து சம்மதித்தார்களா? மறுபயன், அதாவது வாக்குக்குப் பதிலாக ஏதாவது, உண்டா? நோக்கம் சட்டப்படி சரியானதா? இந்த வகை உடன்பாடு செல்லாது என்று சட்டமே தள்ளி வைத்திருக்கிறதா?

தகுதி என்றதும் முதலில் வருவது வயது. 18 நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அன்றைக்கு இந்தியாவுக்கும் மேல்முறையீட்டின் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் தீர்த்த மோஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கு இதற்கு அடிப்படை. கல்கத்தாவில் சட்டப்படி இன்னும் வயது நிரம்பாத தர்மதாஸ் வீட்டை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பையனுக்கு வயதாகவில்லை என்று தாயின் வழக்கறிஞர் முன்கூட்டியே கடிதம் அனுப்பியும், கடன் கொடுத்தவர் தரப்பு மேலே போனது. பத்திரமும் செல்லவில்லை, பணமும் திரும்பவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துப் படியுங்கள்: 18 ஆகாதவருக்கு உணவு, உடை, படிப்பு போன்ற அவசியத் தேவைகளைக் கொடுத்தவர், பிரிவு 68இன்படி அவருடைய சொத்திலிருந்து பணத்தைப் பெறலாம். அவர்மேல் தனிப்பட்ட பொறுப்பு கிடையாது.

சம்மதத்துக்கு வருவோம். இங்கே நம் ஊர் வழக்குகளே போதும். 1889இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ரங்கநாயகம்மா எதிர் ஆள்வார் செட்டி வழக்கைப் பாருங்கள். கணவனை இழந்த 13 வயதுச் சிறுமி. பிணம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைத் தத்தெடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறிக்கிறார்கள். அவள் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. கையெழுத்து அவளுடையதுதான், ஆனால் அதில் அவள் சம்மதம் இல்லை. கட்டற்ற சம்மதம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1917இல் அதே நீதிமன்றத்தில் சிக்கம் அம்மிராஜு வழக்கு. ஒருவர் தன் சகோதரனுக்குச் சொத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி மனைவியையும் மகனையும் கட்டாயப்படுத்தினார். எழுதித் தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினார். அதுவும் வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குடும்பத்துக்குள் நடக்கும் மிரட்டல் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறாக எடுத்துரைத்தல் ஆகிய நான்கும் பிரிவு 15 முதல் 18 வரை வரிசையாக வருகின்றன. இவை நடந்தால் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், வேண்டுமானால் தொடரவும் செய்யலாம். தேர்வில் பலர் இங்கே 'செல்லாது' என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். 'செல்லாத ஒப்பந்தம்' வேறு, 'செல்லாததாக்கத்தக்க ஒப்பந்தம்' வேறு.

வகுப்பில் கன்சிடரேஷன் என்று காதில் விழுவதுதான் மறுபயன். ஒரு வாக்குக்குப் பதிலாகக் கிடைப்பது. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒன்றைச் செய்வதும் செய்யாமல் இருப்பதும் மறுபயனே. ஆங்கிலச் சட்டத்தில் வாக்கைப் பெற்றவரே மறுபயன் தர வேண்டும். இந்தியாவில் யார் தந்தாலும் சரி. 1882இன் சின்னையா எதிர் ராமய்யா வழக்கில் ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தைக் கொடுத்து, தன் உடன்பிறந்தவருக்கு வருடம் 653 ரூபாய் தரச் சொன்னார். மகளும் எழுதிக் கொடுத்தார். பிறகு, "நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே" என்று மறுத்தார். தாய் தந்த சொத்தே போதுமான மறுபயன் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நோக்கமும் மற்றவையும் எளிது. பந்தயம் கட்டுவது, ஒருவரைத் தொழிலே செய்யக்கூடாது என்று தடுப்பது போன்ற செல்லாத உடன்பாடுகள் பிரிவு 26 முதல் 30 வரை. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

ஜாமீன் கையெழுத்து: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

பாடத்திட்டத்தில் இது ஒரு சின்ன அத்தியாயம். வாழ்க்கையில் இதனால் உடைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா, பேங்க்ல கேக்கறாங்க" என்று நீட்டப்படும் தாளில் நாமும் ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128இன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்போடு சமமாக ஓடும். முதலில் கடன்காரரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். 1969இல் பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டது. வங்கி நேராக ஜாமீன்தாரரிடம் வரலாம். இன்னாரைத் துரத்திய பிறகு வாருங்கள் என்றால், ஜாமீன் போடுவதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

ஜாமீன்தாரருக்கு உள்ள பாதுகாப்புகளையும் படியுங்கள். அவர் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப் பின்னான பொறுப்பிலிருந்து அவர் விடுபடுகிறார் (பிரிவு 133). பணத்தைக் கட்டிவிட்டால், கடன் கொடுத்தவரின் உரிமைகள் அவருக்கு வந்து சேர்கின்றன. கடன்காரரிடம் திரும்ப வசூலிக்கலாம் (பிரிவுகள் 140, 145).

பயிற்சியாக, உங்கள் வீட்டில் யாராவது ஜாமீன் போட்டிருந்தால் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நகல் இல்லை என்பதுதான் பெரும்பாலும் முதலில் தெரியவரும். வங்கியில் எழுதிக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பொருள் விற்பனை, கூட்டு, கம்பெனி

சரக்கு விற்பனைச் சட்டம் 1930இல் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து பிரிந்து தனியாக வந்தது. இதில் முக்கியமானது நிபந்தனைக்கும் வாரண்டிக்கும் உள்ள வித்தியாசம். மிக்ஸியோடு வரும் வாரண்டி அட்டையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழம்பிவிடும். சட்டத்தில் நிபந்தனை என்பது பேரத்தின் முதுகெலும்பு; அது மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று சொல்லலாம். வாரண்டி துணை விஷயம். மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். டிபன் கடைக்கு நாள் முழுக்க ஓடும் கிரைண்டர் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் எடுத்துக் கொடுத்ததை நம்பி வாங்கினீர்கள். அது வீட்டு உபயோக கிரைண்டர் என்றால் பிரிவு 16 உங்கள் பக்கம். எதுவும் சொல்லாமல் நீங்களே பார்த்து எடுத்திருந்தால், வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி வந்து நிற்கும். எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கடையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

கூட்டாண்மைச் சட்டம் 1932 பற்றி இரண்டு விஷயம். ஒன்று, ஒரு கூட்டாளி தொழிலுக்காகச் செய்வது எல்லாக் கூட்டாளிகளையும் கட்டுப்படுத்தும், பொறுப்பு அவரவர் சொந்த வீடு நகை வரைக்கும் போகும். இரண்டு, பதிவு கட்டாயமில்லை என்று புத்தகம் சொல்லும். உடனே பிரிவு 69ஐப் படியுங்கள். பதியாத கூட்டு நிறுவனம் பாக்கி வைத்த வெளியாள் மேல் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. வெளியாள் அதன் மேல் போடலாம். இதற்குப் பிறகும் பதியாமல் இருப்பது புத்திசாலித்தனமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கம்பெனி என்பது அதை நடத்துபவர்களிலிருந்து வேறான ஒரு 'ஆள்' என்பதுதான் நிறுமச் சட்டத்தின் ஆணிவேர். 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கைக் கதையாகப் படித்துவிடுங்கள். காலணி செய்யும் வியாபாரி, 20,007 பங்குகளில் 20,001 அவரிடம், மீதி ஆறும் குடும்பத்தாரிடம். அப்படியிருந்தும் கம்பெனியின் கடனுக்கு அவர் சொந்தமாகப் பொறுப்பில்லை என்றே தீர்ப்பு வந்தது. மற்ற விவரங்களை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடுத்த பருவத்தில் படிப்பீர்கள்.

காசோலை திரும்பினால் நாளை எண்ணுங்கள்

1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. இதில் எல்லாமே தேதிக் கணக்கு. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

காசோலையில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று அது திரும்பிய தகவல் ஜூன் 5ஆம் தேதி உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஜூலை 5க்குள், எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். அதைக் காசோலை தந்தவர் ஜூலை 10ஆம் தேதி பெறுகிறார். அவருக்கு 15 நாள் அவகாசம், ஜூலை 25 வரை. தரவில்லை என்றால் அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அடுத்த வாரம் தந்துடறேன் அண்ணே" என்ற பேச்சை நம்பி 30 நாளைக் கடத்திவிட்டு வருபவர்கள்தான் அதிகம். நோட்டீஸ் அனுப்பியபின்னும் பேசிக்கொண்டிருக்கலாம், தடையில்லை. இன்னொன்று, கொடுக்க வேண்டிய கடனுக்கோ பொறுப்புக்கோ தந்த காசோலையாக இருக்க வேண்டும். அன்பளிப்பாகத் தந்த காசோலை திரும்பினால் இந்தப் பிரிவு வராது.

நுகர்வோர் புகார் ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள்

முதலில் கடைக்கோ கம்பெனிக்கோ தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்டத்திலேயே விசாரிப்பார்கள். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது. ஆன்லைனில் வாங்கிய போனுக்காகத் தென்காசிக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை.

அந்தச் சுடிதார் விஷயத்தில் ஆணையம் வரைக்கும் போகவில்லை. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். கடைக்காரர் படித்துவிட்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அறம் எங்கே வருகிறது

வணிக அறம் என்ற பகுதியைப் பொதுவாகப் பெரிய பெரிய சொற்களாகவே எழுதிவைத்திருப்பார்கள். நான் ஒரு நாற்காலியை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

துணிக்கடையில் புடவை எடுக்கும்போது கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்களின் கால்களைப் பாருங்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும் வரை நின்றே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும். பல காலம் இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. உட்கார இடம் கொடு என்று எந்தச் சட்டமும் கடைக்காரருக்குச் சொல்லியிருக்கவில்லை. கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடினார்கள். அங்கே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணியாளர்கள் வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும்.

இப்போது கேள்வி: 2021க்கு முன்பு அந்த முதலாளிகள் செய்தது சரியா? சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஒரு ஸ்டூல் போட எவ்வளவு செலவாகும்? தன் கடையில் நிற்பவரின் காலைப் பார்த்த ஒரு முதலாளி சட்டம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. இதை வகுப்பில் விவாதிக்க விட்டால் மணி அடித்தும் போக மாட்டார்கள். அம்மாவோ அக்காவோ துணிக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அன்று பேசுவதை எந்தப் பாடநூலும் சொல்லாது.

இன்னொரு பக்கம், கணக்கு எழுதும் இடம். உங்களில் பலர் போகப்போவது அங்கேதான். சேர்ந்த சில மாதத்தில் யாராவது வந்து, "தேதியை மட்டும் மார்ச் 31ன்னு மாத்திப் போடுப்பா" என்பார்கள். சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஹைதராபாத்தின் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியும் சின்னதாகத்தான் தொடங்கியது. உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் இடையே முதலில் இருந்தது சிறு இடைவெளிதான், அது வருடா வருடம் வளர்ந்தது என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7ஆம் தேதி எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கணக்கில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை. தின்னப்படாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல் புலிமேல் சவாரி செய்தது போலிருந்தது என்றும் அதில் எழுதினார். 2015இல் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஏழு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தேதியை மாற்றச் சொன்னால் என்ன செய்வது? "சார், அதை ஒரு மெயிலில் போட்டுடுங்க, செய்திடறேன்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மெயில் வராது, பேச்சு அதோடு நின்றுபோகும். வந்துவிட்டால் செய்யாதீர்கள், தணிக்கை பார்ப்பவரிடமோ மேலே இருப்பவரிடமோ அதைக் கொண்டுபோங்கள். லஞ்ச விஷயத்திலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் பாதுகாப்பு உண்டு.

தேர்வில் எழுதுவது

ஒரு நிகழ்வைக் கொடுத்து முடிவு கேட்கும் கேள்விதான் இந்தத் தாளில் பலரையும் பயமுறுத்துகிறது. முதலில் பிரச்சினை என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்து விதி, அதற்கு ஒரு வழக்கு. பிறகு கேள்வியில் உள்ள பெயர்களையும் தேதிகளையும் எடுத்து அந்த விதியில் பொருத்துங்கள். மாணவர்கள் விட்டுவிடுவது இதைத்தான், மதிப்பெண் இருப்பதும் இதில்தான். கடைசியில் முடிவு. பிரிவு எண் ஞாபகம் வராவிட்டால் தப்பான எண்ணைப் போடாதீர்கள். சட்டத்தின் பெயரையும் விதியையும் சரியாக எழுதினாலே போதும். மூலச் சட்டங்கள் எல்லாம் மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. கைடு வாங்கும் முன் ஒப்பந்தச் சட்டத்தை அங்கே ஒருமுறை திறந்து பாருங்கள். பிரிவுகளுக்குக் கீழே தரும் எடுத்துக்காட்டுகள் சின்னச் சின்னக் கதைகள் மாதிரி இருக்கும்.

உங்கள் முதல் வேலைக் கடிதம்

இதுவரை படித்தது அத்தனைக்கும் ஒரே இடத்தில் பயிற்சி வேண்டுமென்றால், வேலைக்குச் சேரும்போது தரும் கடிதத்தை எடுங்கள். 'இரண்டு ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும்' என்று பாண்டு இருக்கலாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். உங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்களுக்கு உண்மையில் என்ன செலவானது என்ற கேள்வி அங்கே வரும். 'விலகியபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது' என்று இருந்தால், தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்ற பிரிவு 27ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. 1967இல் கோலிகரி வழக்கில், ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொண்டு இடையில் போட்டி ஆலைக்குப் போனவரை உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தடை பொதுவாகச் செல்லாது.

மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரச் சொல்லுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினால், வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை. போட்ட பிறகு எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து, ஒரு நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.